என் பங்குப் பாதி

நான் சிகரெட்டை விட்டதற்கு டாக்டர் காரணமில்லை, மனைவி காரணமில்லை, பாக்கெட்டில் அச்சடித்திருக்கும் அந்தப் பயங்கரப் படமும் காரணமில்லை. ஒரு பெண் என்னை "அங்கிள்" என்று கூப்பிட்டதுதான் காரணம்.

வல்லக்கோட்டையில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டிலிருந்து கம்பெனி பஸ் நிற்கும் இடம் கூப்பிடு தூரம். அன்று காலை ஷிப்டுக்குக் கிளம்பத் தாமதமாகிவிட்டது. நான் தெருமுனைக்கு வரும்போது பஸ் நகரத் தொடங்கியிருந்தது. ஓடினேன். ஊரில், சங்கரன்கோவில் பக்கம், பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்தில் எவர்சில்வர் தட்டு வாங்கியவன் நான். அந்தத் தெம்பில்தான் ஓடினேன். நாலு எட்டு வைத்ததும் நெஞ்சுக்குள் யாரோ கதவைச் சாத்திவிட்டார்கள். மூச்சு வெளியே போனது, திரும்பி உள்ளே வரவில்லை. ஒரு கரண்டு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றேன். டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு பஸ்ஸை நிறுத்தினார். நான் தட்டுத்தடுமாறி ஏறினேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண் சட்டென்று எழுந்து, "நீங்க உக்காருங்க அங்கிள்" என்றாள். அவள் குரலில் கேலி துளிகூட இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

எனக்கு முப்பத்தைந்து வயது. கோபம் எப்போதும் மூக்கு நுனியில் இருக்கும். அந்தப் பெண்ணின் மேல் கோபப்பட வழியில்லை. அதனால் பஸ் முழுவதற்கும் கேட்கிற மாதிரி, "எல்லாரும் கேட்டுக்கிடுங்க. இன்னையோட சிகரெட்ட விட்டாச்சு" என்று அறிவித்தேன். பின் சீட்டிலிருந்து கைதட்டினார்கள். இந்த மாதிரி சபதங்களுக்கு எங்கள் பஸ்ஸில் பஞ்சமில்லை. யாரும் நம்பவில்லை என்பது கைதட்டலிலேயே தெரிந்தது.

செய்தி எனக்கு முன்னால், கார் தயாராகும் எங்கள் லைனுக்குப் போய்விட்டது. நான் போய் நின்றதும் காருக்கு அந்தப் பக்கமிருந்து, இரண்டு ஜன்னல்களையும் தாண்டி ஒரு குரல் வந்தது.

"இன்னா மச்சான், துறவி ஆயிட்டியாமே? டீ பிரேக் வரிக்குமாச்சும் தாங்குவியா?"

கேட்டவன் வடக்குப்பட்டுக்காரன். பரம்பரையாக நெல் போட்ட குடும்பம். மிச்சமிருக்கும் நிலத்தில் அவன் அப்பா இன்னமும் நடவு செய்கிறார், இவன் பைக்கை எடுத்துக்கொண்டு ஒரகடம் வந்து கார் செய்கிறான். எங்கள் இருவருக்கும் சக்கரம் மாட்டுகிற வேலை. நகர்ந்து வரும் காருக்கு இடது பக்கம் அவன், வலது பக்கம் நான். வருஷக்கணக்காக அவன் முகத்தை நான் பெரும்பாலும் கார் கண்ணாடி வழியாகத்தான் பார்த்திருக்கிறேன். எனக்கு இந்த ஊர் பக்கம் சொந்தபந்தம் கிடையாது. அவன்தான் இருந்தான்.

அவனும் நானும் பாதிக்காரர்கள். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் லைன் டீ நேரத்தில் நிற்காது. ரிலீவர் என்று சில பேர் இருப்பார்கள். அவர்கள் வந்து நம் இடத்தில் நின்றுகொண்டால் நாம் பத்து நிமிஷம் வெளியே போகலாம். இடது பக்கமும் வலது பக்கமும் ஒன்றாகத்தான் போக வேண்டும், ஒன்றாகத்தான் திரும்ப வேண்டும். புகைக்க அனுமதி உள்ள தகரக் கொட்டகை கேன்டீனுக்குப் பின்னால், வண்டி ஸ்டாண்டு ஓரத்தில் இருக்கிறது. நம் தீப்பெட்டியை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். கொட்டகைத் தூணில் சங்கிலி போட்டுக் கட்டிய ஒரு லைட்டர்தான் எல்லாருக்கும். போக, வர, அந்த லைட்டருக்கு வரிசையில் நிற்க என்று நேரம் போய்விடும். ஒரு ஆள் ஒரு முழு சிகரெட்டைக் குடித்து முடிக்க முடியாது. அதனால் இரண்டு பேருக்கு ஒன்று. பற்றவைக்கிறவனுக்கு முன் பாதி, மற்றவனுக்குப் பின் பாதி. பாதிக்கு மேல் ஒரு இழுப்பு கூடினாலும் சண்டை வரும். யாருக்கு யார் பாதிக்காரன் என்பது கொட்டகையில் எல்லாருக்கும் தெரியும். கல்யாணப் பத்திரிகை கொடுக்கும்போதுகூட இரண்டு பேருக்கும் சேர்த்துதான் கொடுப்பார்கள். எங்களில் அவன் முன் பாதி, நான் பின் பாதி.

அன்று டீ பிரேக்கில் அவன் பாதியைக் குடித்துவிட்டு வழக்கம்போல் நீட்டினான். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். "சர்தான், பாப்போம்" என்று சொல்லி, என் பாதியிலும் இரண்டு இழுப்பு இழுத்து, மீதியை வீசிவிட்டு ஓடி வந்தான்.

ஆசையைப் பற்றி எழுதுகிறவர்கள் அது அலை மாதிரி வரும், போகும் என்கிறார்கள். எனக்கு அப்படி வரவில்லை. என்னிடம் அது நியாயமாக வந்தது. காலையில் எழுந்ததும், 'மலச்சிக்கல் வந்துவிட்டதே, உடம்புக்கு நல்லதா?' என்று கேட்டது. சாப்பிட்டதும், 'சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றே ஒன்றுதானே, அது கணக்கில் வராது' என்றது. மனைவியோடு வாய்ச்சண்டை போட்டால், 'இவளை எதிரி மாதிரி திட்டுகிறாயே, ஒன்று போட்டால் நல்ல மனுஷனாகிவிடுவாய், குடும்பத்துக்காகப் போடு' என்றது. வக்கீல் வைத்துப் பேசுகிற ஆசை அது. நான் படித்தது ஐடிஐ. அதனோடு வாதாடி ஜெயிக்க முடியாது என்று சீக்கிரமே புரிந்துவிட்டது. அதனால் பதிலே சொல்லக் கூடாது என்று முடிவு செய்தேன். வாய் சும்மா இருந்தால்தானே வாதம்? வாயில் எதையாவது போட்டுக்கொண்டே இருந்தேன். கிராம்பு, சுக்கு, வறுகடலை. கிராம்பைக் கடித்துக் கடித்து நாக்கு மரத்துப் போய், குழம்பில் உப்பில்லை என்று ஒரு நாள் கத்தினேன். மனைவி ருசி பார்த்துவிட்டு, "உப்பு இருக்கு. ஒங்களுக்குத்தான் இல்ல" என்றாள்.

அவள் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு செல்போன் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். நாள் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத திருகாணிகளோடு மல்லுக்கட்டுகிறவள், பொறுமைக்குக் குறைவில்லை. கிருத்திகையன்று கோயிலுக்குப் போகும்போது, "ஏங்க, முருகன்ட்ட ஒரு சத்தியம் பண்ணிருங்களேன்" என்றாள்.

"அவர இதுல இழுக்காத. நாளைக்கு நான் தோத்தா அவருக்கும் சேத்து அசிங்கம்."

"அப்ப சிகரெட்டோட அந்தக் கோவத்தையும் சேத்து விடுங்க. ரெண்டுக்கும் தனித்தனியா நான் பாடுபட முடியாது."

கோபத்தை விடுவதாக நான் பஸ்ஸில் அறிவிக்கவில்லை என்று சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள். அந்த வாரத்தில் எங்கள் வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான்.

வீட்டைவிட லைன்தான் கஷ்டம். டீ பிரேக் நெருங்க நெருங்க என் கை தானாகச் சட்டைப் பையைத் தடவும். கொட்டகைக்குப் போகாமல் கேன்டீனில் உட்கார்ந்து பார்த்தேன். டீயே எதிரியாகிவிட்டது. டீ தொண்டையில் இறங்கியதும், மீதி எங்கே என்று உடம்பு கேட்கும். மோர் குடித்தேன். மோர் குடித்துவிட்டு ஜன்னலைப் பார்த்தால் தகரக் கொட்டகை தெரியும். கடைசியில் எனக்கொரு யோசனை தோன்றியது. ரிலீவராகப் போய்விட்டால்? மற்றவர்கள் பிரேக் போகும் நேரமெல்லாம் நான் வேலையில் இருப்பேன். எனக்கான இடைவேளையோ கொட்டகை காலியாகக் கிடக்கும் நேரத்தில் வரும். கையில் சிகரெட்டோடு நீட்ட ஆளே இருக்காது.

சூப்பர்வைசர் கோபமே வராத மனிதர். கேட்டதும் சரி என்றார். ரிலீவர் வேலைக்கு யாரும் தானாக வருவதில்லை, அதனால் அவருக்குச் சந்தோஷம். எனக்கும் சந்தோஷம். புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்துவிட்டேன் என்று பெருமைகூடப்பட்டேன்.

சக்கரம் மாட்டும் இடமும் நான் விடுவிக்க வேண்டிய இடங்களில் ஒன்று. என் வலது பக்கத்துக்குப் புதிதாக வந்தவருக்குப் புகைப் பழக்கம் இல்லை. அவர் இடத்தில் இன்னொரு ரிலீவர் நிற்பார், வடக்குப்பட்டுக்காரனின் இடத்தில் நான். அதாவது, நான் எதை விட்டேனோ அதைக் குடிப்பதற்கு அவன் போகிறான், அவன் போவதற்காக அவன் இடத்தில் நான் நிற்கிறேன். அவன் திரும்பி வந்து பக்கத்தில் நின்று நட்டு முடுக்கும் மெஷினை வாங்கிக்கொள்ளும்போது ஒரு வாசனை வரும். கடலைப் பொட்டலத்துக்கு முன்னால் கட்டிப்போட்ட குரங்கின் நிலைமை எனக்கு. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

ஒரு நாள் என் கையுறையை வேறு இடத்தில் மறந்துவிட்டு வந்தேன். அவன் கழற்றித் தொங்கவிட்டிருந்த கையுறையை மாட்டிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் வியர்வையைத் துடைக்கக் கை முகத்துக்குப் போனது. அப்படியே நின்றுவிட்டது. பருத்தி நூலில் அவன் விரல் வாசம், பல மாதத்துப் புகை. நான் கண்ணை மூடிக்கொண்டு மோந்தேன். இன்னொரு தரம் மோந்தேன். கார் நகர்ந்துகொண்டே இருந்தது. ஒரு நட்டு விடுபட்டு சிவப்பு விளக்கு எரிந்து லைன் நின்றது. லைன் நின்றால் எங்கள் ஷெட்டில் ஒரு மெட்டு ஒலிக்கும், பிறந்தநாளுக்கு கேக் வெட்டும்போது போடுகிற மாதிரி குதூகலமான மெட்டு. அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் கையுறையை மூக்கில் வைத்தபடி நின்றிருந்தேன்.

"என்னப்பா ஆச்சு?" என்றார் சூப்பர்வைசர்.

"க்ளவுஸ் நாத்தம் சார்."

"நாத்தம்னா மாத்திக்க வேண்டியதுதானே?"

"மாத்த மனசு வரல சார்."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு புதுக் கையுறை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அவமானமாக இருந்தது. ஆனால் புகைக்கவில்லை. மோந்தது கணக்கில் வராது என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

அவனுடைய இருமலை நான் கவனித்தது அதற்குப் பிறகுதான். முதலில் தூசி என்று நினைத்தேன். காரின் இந்தப் பக்கம் நான் மெஷினைக் கொடுத்துவிட்டு நகர்வதற்குள் அவன் சக்கரத்தின் மேல் கவிழ்ந்து இருமுவான். வாய்க்குள் கையைவிட்டுக் குடலைப் பிடுங்கிப் போடுவான் போலிருக்கும்.

"ஏல மாப்ள, என்ன இது?" என்றேன்.

"இன்னா இன்னாது? நீதான்டா காரணம்."

"நான் என்னல செஞ்சேன்?"

"முன்னாடி பாதி ஊதுவேன். இப்ப முழுசா ஊதறேன். நீதான் வேணாம்னு வுட்டுட்டு பூட்ட. ஒன் பங்க யார் தலையில கட்டுறது?"

வேறு யாரையாவது பாதிக்காரனாகச் சேர்த்துக்கொள் என்றேன். "பொண்டாட்டி செத்த மறுநாளே வேற கட்டிக்க சொல்றியா?" என்று கேட்டுவிட்டு மறுபடி இருமினான். சிரித்துக்கொண்டே நகர்ந்தேன். நகர்ந்த பிறகுதான் ஒன்று உறைத்தது. பத்து நிமிஷத்தில் முழு சிகரெட்டைக் குடிக்க முடியாதே, இவனுக்கு மட்டும் எப்படி நேரம் கிடைக்கிறது?

நேரம் கொடுத்தது நான். மற்ற ரிலீவர்கள் கெடு முடிந்ததும் கூச்சல் போடுவார்கள். நான் நண்பனாயிற்றே என்று, அவன் இரண்டு மூன்று நிமிஷம் பிந்தி வந்தாலும் கண்டுகொள்ளாமல் நின்றேன். சொல்லப்போனால் அதில் எனக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது, பாதிக்காரனை விட்டுவிட்டு வந்தவன் செய்கிற ஒரு சின்னப் பரிகாரம் மாதிரி. நான் தப்பிப்பதற்காகப் பிடித்த வேலையில் நின்று, நான் இரக்கப்பட்டுக் கொடுத்த நிமிஷங்களில், என் பங்கையும் சேர்த்து அவன் நெஞ்சுக்குள் இறக்கிக்கொண்டிருந்தான். எனக்கு என் மேலேயே வந்த கோபத்தில், வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்தேன்.

மறுநாள் கெடு முடிந்ததும் நானும் கூச்சல் போட்டேன். அவன் அவசர அவசரமாக இழுத்துவிட்டு ஓடி வந்தான், இருமல் இன்னும் கூடியது. இரண்டாம் நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னான்.

"மச்சான், ஒண்ணு கேளு. நீ மறுபடி பாதி வாங்கிக்க. ஒனக்காவ இல்ல, எனக்காவ. நீ பாதி எடுத்தா நான் பாதியோட நிறுத்திக்குவேன். எனுக்குக் கொறையும். ஒனுக்கு இன்னா, ஒரு நாளைக்கு ஒண்ணு ரெண்டு பாதி. செத்தா பூடுவ?"

நான் முன்பே சொன்னேன், ஆசை என்னிடம் நியாயமாகத்தான் வரும் என்று. இத்தனை நாளில் அது கொண்டுவந்த நியாயங்களிலேயே இதுதான் உசத்தி. நண்பனின் உடம்புக்காகப் புகைப்பது. இதைவிடப் புண்ணியமான காரணம் யாருக்குக் கிடைக்கும்? அன்று முழுவதும் அந்த யோசனை இனித்தது. அவ்வளவு இனித்ததால்தான் சந்தேகம் வந்தது.

சூப்பர்வைசரிடம் போய், ரிலீவர் வேலை வேண்டாம், பழைய இடத்துக்கே போகிறேன் என்றேன். "க்ளவுஸ் பிரச்சினையா?" என்று கேட்டுவிட்டு மாற்றிக் கொடுத்தார்.

பழையபடி வலது பக்கம் நான், இடது பக்கம் அவன். டீ பிரேக்கில் இருவரும் சேர்ந்து கொட்டகைக்குப் போனோம். அவனுக்கு வாயெல்லாம் பல். "வந்தாம்பா என் பாதி!" என்று கொட்டகையில் எல்லாருக்கும் சொன்னான். சங்கிலி லைட்டரில் பற்றவைத்துப் பாதி வரை குடித்துவிட்டு நீட்டினான். வாங்கினேன். விரல்களுக்கு நடுவே அது போய் உட்கார்ந்த விதம், ஒரு நாள்கூட விலகியிருக்காத மாதிரி இருந்தது. புகை நேராக முகத்துக்கு வந்தது. பக்கத்தில் மணல் நிரப்பிய டிரம் இருந்தது. அதில் குத்தி அணைத்தேன்.

"டேய்! இன்னாடா பண்ற?"

"என் பங்கு. நான் என்ன வேணா செய்வேன்."

"பைத்தியம் புடிச்சிச்சா? வேணான்னா எங்கையில குடுக்க வேண்டியதுதான?"

"பாதி உனக்கு, பாதி எனக்கு. அதான வழக்கம்? நீதான மறுபடி பாதி வாங்கிக்கனு கேட்ட, வாங்கிட்டேன்."

கொட்டகையே சிரித்தது. அவன் மட்டும் சிரிக்கவில்லை. சில நாள் என்னோடு பேசவில்லை. ஜன்னல் வழியாக முறைப்பான். ஆனால் டீ பிரேக் வந்தால் நான் கூடவே நடப்பேன். பாதியில் கையை நீட்டிக்கொண்டு நிற்பேன். வழக்கத்தை மீறிக் கொடுக்காமல் இருக்க அவனால் முடியவில்லை, அத்தனை பேர் பார்க்கிறார்களே. கொடுப்பான், நான் மணலில் குத்துவேன். எரிகிற சிகரெட்டை தினமும் கையில் வாங்குவது விட்டவன் செய்யக்கூடிய காரியமில்லை என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் அது வாய்க்கும் மணலுக்கும் நடுவில் ஒரு கணம் நிற்கும். அந்தக் கணத்தில் நான் பிடிவாதத்தைத் தவிர வேறொன்றும் இல்லாத ஆளாக இருந்தேன். என் கோபத்தால் உருப்படியாக நடந்த ஒரே காரியம் இதுதான் என்று மனைவி இன்றும் சொல்கிறாள். அவன் இருமல் மெல்லக் குறைந்தது. பேச்சும் திரும்பி வந்தது, திட்டுவதற்காகவாவது.

கஷ்டமான நாட்களுக்கெல்லாம் நான் தயாராக இருந்தேன். நல்ல நாளுக்குத் தயாராக இல்லை. அந்த மாதம் ஓவர்டைம் பார்த்துப் பார்த்து எல்லாருக்கும் இடுப்பு ஒடிந்திருந்தது. கடைசி நாள் கம்பெனி கேட்ட கணக்குக்கு மேலேயே கார் செய்து இறக்கிவிட்டோம். லைனில் லட்டு கொடுத்தார்கள். சூப்பர்வைசர் ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தார். மழை வரும் போலக் காற்று குளிர்ந்திருந்தது. வாயில் லட்டு இனிப்பு, அதற்கு மேல் சூடாக டீ. கொட்டகையில் அவன் ஏதோ பழைய கதை சொல்ல நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்துக்கொண்டே அவன் நீட்டியதை வாங்கினேன். ஆசை அன்று எந்த நியாயமும் பேசவில்லை. ஒரு வார்த்தை பேசியிருந்தால்கூட எனக்குத் தெரிந்திருக்கும். கை சும்மா வாய்க்குப் போனது. உதட்டில் அதன் சூடு பட்டதும் என் கண் தானாக மூடிக்கொண்டது.

கையில் பளாரென்று ஓர் அடி விழுந்தது. சிகரெட் பறந்து வண்டி ஸ்டாண்டுப் பக்கம் போய் விழுந்தது. அவன்தான் அடித்தான். அவன் உள்ளங்கையில் நெருப்புப் பட்டிருந்தது. அதை உதறிக்கொண்டே கத்தினான்.

"அறிவு கீதா ஒனக்கு? இன்னா பண்ணப் பாத்த?"

இத்தனை நாளும் என்னைக் கேலி செய்து, திட்டி, பாதி வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சியவன் அவன். அவன் முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர் நின்றது. பிறகு குரல் இறங்கிவிட்டது.

"நீயும் புடிச்சிட்டன்னா, நான் யாரப் பாத்துடா வுடுவேன்?"

ரிலீவர் கூப்பிடும் சத்தம் கேட்டது. நாங்கள் இரண்டு பேரும் லைனுக்கு நடந்தோம். அவன் இடது பக்கம் போனான், நான் வலது பக்கம். முதல் கார் எங்களுக்கு நடுவே நகர்ந்து வந்தபோது நான் குனிந்துகொண்டேன், அழுவது அவனுக்குத் தெரியக் கூடாது என்று. தெரிந்திருக்கும்.

அவன் இன்னும் விடவில்லை. தினமும் பாதி குடிக்கிறான். ஆனால் என் பங்கை இப்போது என் கையில் கொடுப்பதில்லை, அவனே மணலில் குத்துகிறான், குத்தும்போது என்னை நன்றாகத் திட்டுகிறான். ஆசை எனக்கும் போகவில்லை, புகை வரும் திசையில் மூக்கு தானாகத் திரும்புகிறது. இருந்தாலும் ஒவ்வொரு பிரேக்கிலும் அவன் பக்கத்திலேயே போய் நிற்கிறேன். அவன் விடுகிற வரைக்கும் நிற்பதாக இருக்கிறேன்.